தாயில்பட்டிக்கு ஒளி போன வரலாறு

தமிழ்நாட்டின் வரலாற்றை இனி எழுதப் போகிறவர்கள் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்று, சூலக்கரையிலிருந்து தாயில்பட்டிக்கு ஒளியிழை போவதற்கு முந்தைய இருண்ட காலம். இரண்டு, போன பிறகு வந்த பொற்காலம். இதை நான் சொல்லவில்லை, கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது நான்தான் என்பதை வைத்து யாரும் சந்தேகப்பட வேண்டாம். கல்லில் வெட்டிய பிறகு அது கல்லின் கருத்து.

என் பெயர் காளீஸ்வரன். சொந்த ஊர் மல்லாங்கிணறு. 2006-ஆம் ஆண்டு 'கரிசல் மண்டலத் தரவு மைய ஆணையம்' என்னும் மகத்தான நிறுவனத்தில் இளநிலை உதவியாளராகச் சேவை செய்துகொண்டிருந்தேன். பட்டா, சிட்டா, பிறப்பு, இறப்பு, சாதி, வருமானம் என்று மண்டலத்தில் உள்ள சகல விவரங்களையும் சூலக்கரையில் ஒரே குளிர் அறைக்குள் கொண்டுவந்து சேர்ப்பது ஆணையத்தின் லட்சியம். அறை கட்டியாகிவிட்டது. ஏ.சி. பொருத்தியாகிவிட்டது. பீரோ பீரோவாகக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிவிட்டன. விவரங்கள் மட்டும்தான் இன்னும் வரவில்லை. அவை காகிதத்தில் இருந்தன. அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்ய ஆள் எடுப்பது பற்றிய கோப்பு எங்கள் இயக்குநர் மேசையில், திருப்பதி லட்டு டப்பாவுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

இயக்குநர் புகழேந்தி அய்யா சாதாரண மனிதர் அல்லர். வாயைத் திறந்தால் சுற்றறிக்கைதான் வரும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"காளீஸ்வரன், நம்மிடம் உள்ள விவரங்களுக்கு ஓர் ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வோம்?"

"இன்னும் விவரமே வரலையே சார்."

"அதுதான் பெரிய ஆபத்து. விவரம் வருவதற்கு முன்பே ஆபத்து வந்துவிட்டால்?"

இப்படி ஒரு கேள்வி எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது. சூலக்கரை மையம் எரிந்தாலும் இடிந்தாலும் கவலையில்லாமல் இருக்க, வேறோர் ஊரில் இதன் மறுபதிப்பாக ஒரு 'பேரிடர் மீட்பு மையம்' கட்டப்படும். இரண்டுக்கும் நடுவே பத்து ஜிகாபிட் ஒளியிழை. அதாவது, ஒரு தாலுகாவையே சுருட்டி ஒரே வினாடியில் அந்தப் பக்கம் அனுப்பிவிடலாம். அனுப்புவதற்குத் தாலுகா வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

இடம் தேடும் படலம் ஆரம்பமானது. வெள்ளம் வராத ஊர், புயல் வராத ஊர், பூகம்பம் வராத ஊர், சுற்றிலும் கட்டடமே இல்லாத காலி மனை. நான்கு நிபந்தனைகளையும் வைத்துக்கொண்டு இயக்குநர் வரைபடத்தை மூன்று நாள் உற்றுப் பார்த்தார். நான்காம் நாள் அவர் விரல் தாயில்பட்டிக்கு வெளியே போய் நின்றது.

"அதிசயமாக இருக்கிறது. இங்கே ஒரு சிறு கட்டடம், அப்புறம் பெரிய வெட்டவெளி, மறுபடி ஒரு சிறு கட்டடம். நடுவில் வீடு இல்லை, கடை இல்லை. இவ்வளவு அருமையான நிலத்தை ஏன் யாருமே தொடவில்லை?"

நான் கரிசல்காரன். எனக்குத் தெரியும். "சார், அதெல்லாம் பட்டாசு யூனிட்டு. ஒரு ரூம் வெடிச்சா அடுத்த ரூமுக்குத் தீ தாவக் கூடாதுன்னு நடுவுல காலியா விட்டிருக்காங்க."

"அப்படியானால் சட்டமே நமக்காக இடத்தைக் காலி செய்து வைத்திருக்கிறது என்று சொல்லுங்கள்."

"அங்க கட்டடம் கட்டக் கூடாது சார்."

"மனிதர்கள் புழங்கினால்தான் அது கட்டடம். நம்முடையது கம்ப்யூட்டர்கள் புழங்கும் இடம். மேலும், தீயைப் பற்றி நன்கு அறிந்த அண்டை வீட்டார் நமக்கு வேறெங்கே கிடைப்பார்கள்?"

பேரிடர் மீட்பு மையத்தைப் பட்டாசு ஆலைகளின் மடியில் வைத்த பெருமை உலகத்திலேயே எங்கள் ஆணையத்துக்குத்தான் உண்டு என்று நினைக்கிறேன். வேறு யாராவது வைத்திருந்தால் அவர்களும் இந்நேரம் கல்வெட்டு வைத்திருப்பார்கள்.

கட்டடம் எழும்பியது. ஒளியிழைக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டே வந்தவர்கள் மே மாதக் கடைசியில் தாயில்பட்டியைத் தொட்டார்கள். மேலே ஓரடி கரிசல் மண், கீழே சுக்கான்பாறை. கடப்பாரையை ஓங்கிப் போட்டதும் டணார் என்று சத்தம், கூடவே பொறி. அடுத்த நொடி பக்கத்து யூனிட்டின் போர்மேன் அய்யாதுரை வேலியைத் தாண்டி வெறுங்காலோடு ஓடி வந்தார்.

"ஏலே, கடப்பாரையக் கீள போடுலே. மெதுவாப் போடு. நாப்பது பேரு உள்ள இருக்காங்க."

அங்கே வேலை செய்கிற முறையே தனி. யூனிட்டுக்குள் இரும்பு போகாது. கத்தரி, கரண்டி, சுத்தியல் எல்லாமே பித்தளை அல்லது மரம். செருப்பை வாசலில் விட வேண்டும். செல்போன் கூடாது. உள்ளே காலெடுத்து வைப்பதற்கு முன், வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து உடம்பில் உள்ள கரண்ட்டை மண்ணுக்கு இறக்கிவிட வேண்டும். கோயிலுக்குப் போகிறவன் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி, யோசிக்காமலே எல்லோரும் அதைச் செய்வார்கள்.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவர் அசரவில்லை. "மரபை மதிப்பதே நவீனம்" என்றார். பித்தளைக் கடப்பாரை முப்பது வாங்க அவசர டெண்டர் விடப்பட்டது. வந்து இறங்கிய பித்தளைக் கடப்பாரைகள் பூஜை அறையில் வைக்கலாம் போலப் பளபளத்தன. சுக்கான்பாறையில் இரண்டு போடு போட்டதும் நுனி கரும்புத் தோகையாக மடிந்துவிட்டது.

தோண்டுகிறவர்கள் பாவம், என்ன செய்வார்கள்? மண் எங்கே இளக்கமாக இருக்கிறது என்று தட்டித் தட்டிப் பார்த்தார்கள். சாலை ஓரமாக ஒரு நேர்கோட்டில் மட்டும் மண் பொதபொதவென்று இருந்தது. பித்தளைக் கடப்பாரை சந்தோஷமாக இறங்கியது. நாலே நாளில் இரண்டு கிலோமீட்டர். ஆணையத்தின் சரித்திரத்தில் அவ்வளவு வேகம் கண்டதில்லை. எல்லோருக்கும் பாராட்டுக் கடிதம் கொடுத்தோம்.

அந்த மண் ஏன் இளக்கமாக இருந்தது என்பது ஐந்தாம் நாள் தெரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் டெலிபோன் கம்பிக்காகத் தோண்டி மூடிய பள்ளம் அது. கம்பி இருபத்திரண்டு இடத்தில் அறுந்து கிடந்தது. அதன் மேலேயே எங்கள் ஒளியிழையைப் படுக்க வைத்து, மூடி, நிரவி, புகைப்படமும் எடுத்துவிட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை ஆணையத்தின் மனுநாள். வரிசையில் ஒரே ஓர் ஆள். நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெண். விரல் நுனியெல்லாம் கருமருந்துக் கறை.

"என் பேரு சண்முகத்தாய் சார். தாயில்பட்டியிலிருந்து வர்றேன். அய்யாதுரை அண்ணன் போர்மேனா இருக்காகள்ல, அந்த யூனிட்டுல திரி வெட்டுறேன். வெள்ளைத்தாய் டீக்கடையில ஒரு ரூவா போன் ஒண்ணு இருந்துச்சு. நீங்க குளி தோண்டுனதுல செத்துப் போச்சு."

"அது ஒரு போன்தானேம்மா."

"ஒரு போனுதான் சார். எட்டு யூனிட்டுக்கும் அந்த ஒத்த போனுதான். செல்லு உள்ள கொண்டுபோக விட மாட்டாக. வெளிய வச்சிருந்தாலும் தண்ணித் தொட்டி மேல ஏறுனாத்தான் சிக்னலு. தீவாளி சீசன் ஆரம்பிச்சாச்சு. ரூமுக்கு நாலு பேரு உக்காந்து மருந்தோட கெடக்கோம். ஒண்ணுன்னா தீ வண்டியக் கூப்பிட வேற வழி கெடையாது. சீசன் சூடு பிடிக்கிறதுக்குள்ள அதைச் சரி பண்ணிக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

கேட்டது நியாயம்தான். ஆனால் நியாயத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு.

"புகார் எண் வேணும்மா. போன் பண்ணிப் புகார் பதிஞ்சு, நம்பர் வாங்கிட்டு வாங்க."

"எந்த போன்ல சார்?"

படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதில் பதில் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை சிவகாசிக்குப் போய்ப் போன் பண்ணிப் புகார் எண் வாங்கி வந்துவிட்டார். கம்பியைச் சரி செய்ய ஆட்கள் தயார் என்று டெலிபோன்காரர்களே சொல்லியிருந்தார்கள். தோண்டுவதற்கு எங்கள் அனுமதி மட்டும் வேண்டுமாம். ஒளியிழையின் இருபுறமும் ஒரு மீட்டருக்குள் மூன்று வருஷத்துக்கு எவரும் மண்ணைத் தொடக் கூடாது என்பது எங்கள் விதி. செத்துப் போன கம்பியோ எங்கள் இழைக்கு நேர் கீழே கிடந்தது. 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் விடவில்லை. ஒரு திங்கட்கிழமை விடாமல் வந்தார். வந்தால் அன்றைக்கு வேலை போச்சு. ஆறாவது வாரம் நான் மல்லாங்கிணற்றுக்காரன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. 'சார்' போய் 'தம்பி' ஆகிவிட்டேன். அது எனக்குப் பெரிய தர்மசங்கடம். 'சார்' என்று கூப்பிடுகிறவரை ஏமாற்றுவது சுலபம், 'தம்பி' என்று கூப்பிடுகிற மனுஷியை ஏமாற்றுவது கொஞ்சம் உறுத்தும். டீ வாங்கிக் கொடுத்தேன்.

என் மேசையில் மாதிரிக்காக ஒளியிழைத் துண்டு ஒன்று கிடந்தது. சண்முகத்தாய் அதை எடுத்து, தொழில் முறையில் விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார்.

"இம்புட்டு மெலிசா இருக்கு. இதுக்குள்ள வெளிச்சம் போகுமாக்கும்?"

"போகும்க்கா."

"எம்புட்டு நேரத்துல நம்ம ஊரு போயிச் சேரும்?"

"ஒரு செகண்ட ஐயாயிரம் துண்டா நறுக்குனா, அதுல ஒரு துண்டு."

"நான் ரெண்டு பஸ்ஸு மாறி ரெண்டே கால் மணி நேரமா வர்றேன். அது சரி, அந்த வெளிச்சம் அங்கன போயி என்ன செய்யும்?"

"காத்திருக்கும்."

"எதுக்கு?"

"தரவு வர்றதுக்கு."

அவர் இழையை மேசையில் திரும்ப வைத்துவிட்டு, "எங்க யூனிட்டுல இப்படிச் சும்மா கெடந்தா லோடுல ஏத்தி அனுப்பிருவாக" என்றார்.

என்னால் முடிந்ததைச் செய்யாமல் இல்லை. பதினேழாவது ஆய்வுக் கூட்டத்தில் முந்திரி பக்கோடா பரிமாறப்பட்ட நேரமாகப் பார்த்து எழுந்து நின்றேன்.

"சார், தாயில்பட்டியில போன் கம்பி அறுந்த இடத்துல ஒரு ரெண்டடி மட்டும் தோண்ட அனுமதி குடுத்தா..."

"தாமிரக் கம்பிக்காகவா?" இயக்குநர் முகத்தில் வேதனை தெரிந்தது. "நூறு வருடத்துக்கு முந்தைய தொழில்நுட்பத்துக்காக எதிர்காலத்தைத் தோண்டச் சொல்கிறீர்கள்."

"அப்ப நம்ம ஒளியிழையிலிருந்தே அந்தக் கடைக்கு ஒரு போன் இணைப்புக் குடுத்துரலாம் சார். பத்து ஜிகாபிட்டும் சும்மாதானே இருக்கு."

"சும்மா இல்லை. தயார் நிலையில் இருக்கிறது. தேர் ஓட வேண்டிய வீதியில் தள்ளுவண்டியை விடுவார்களா?"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

செப்டம்பரில் திறப்பு விழா. அதற்கு முன் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று தயாராக வேண்டும். நாற்பது வரிசைகள் கொண்ட படிவம். பதினேழாவது வரிசை: 'மையத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் பொதுத் தொலைபேசி நல்ல நிலையில் உள்ளதா?' பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. இயக்குநரிடம் கேட்டேன்.

"தொலைபேசி அங்கே இருக்கிறதா?"

"டீக்கடையில தொங்குது சார். கம்பிதான் செத்துப் போச்சு."

"படிவம் கம்பியைப் பற்றிக் கேட்கிறதா?"

"இல்லை சார்."

"தொலைபேசிக்கு உடைசல், கீறல் ஏதாவது?"

"புதுசு மாதிரி இருக்கு சார். யாரும் தொடுறதில்லையே."

"பிறகென்ன?"

'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி, கீழே காளீஸ்வரன் என்று தெளிவாகக் கையெழுத்துப் போட்டேன். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தாயில்பட்டி மையத்தின் வாசலில் கல்வெட்டுக்குப் பக்கத்தில் மாட்டினோம்.  

மையத்தின் பாதுகாப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உள்ளே இருபது டிகிரி குளிர். கூரையில் தட்டு மாதிரி ஒரு புகை உணர்கருவி. ஒரு துளி புகை பட்டால் போதும், செய்தி ஒளியாகி ஓடி, சூலக்கரையில் சங்கு ஊதும். சூலக்கரையில் நான் ஒரு பொத்தானை அழுத்துவேன். வெம்பக்கோட்டைக்குச் சாலை பிரியும் விலக்கில் இரவும் பகலும் நிற்கும் ஆணையத்தின் சொந்தத் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் ஒன்பது நிமிடத்தில் மையத்துக்குப் போய்விடும். ஆம்புலன்ஸ் யாருக்கு என்று தணிக்கையில் கேட்டார்கள். மையத்துக்குள் ஆள் இல்லைதான், ஆனால் இயக்குநர் எப்போதாவது பார்வையிட வருவாரே.

உள்ளே நுழையும் விதிகளும் கடுமை. செருப்பு கூடாது. செல்போன் கூடாது. வாசலில் உள்ள செப்புத் தகட்டைத் தொட்டு உடம்புக் கரண்ட்டை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இந்த விதிகளை உலகத் தரம் என்று இயக்குநர் விளக்கியபோது, வேடிக்கை பார்க்க வந்திருந்த பட்டாசுத் தொழிலாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திறப்பு விழா நாளில் முக்கியஸ்தர்கள் பதினான்கு பேர் ஷூக் காலோடும் காதில் செல்போனோடும் உள்ளே போய் வந்தார்கள்.

சண்முகத்தாயும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பேரிடர் மீட்பு மையம்னு போட்டிருக்கே தம்பி. நல்லதாப் போச்சு. எங்களுக்கு ஒண்ணுன்னா இங்கன ஓடி வரலாமா?"

"இது தரவுகளை மட்டும் மீட்கும்க்கா."

"தரவுன்னா?"

"உங்களைப் பத்தின விவரம். பேரு, வயசு, விலாசம்."

"அப்ப நாங்க கருகிப் போனாலும் விலாசம் பத்திரமா இருக்கும். நல்ல ஏற்பாடுதான்."

திறந்த மூன்றாம் நாளே எங்கள் வலையமைப்பு தன் வீரத்தைக் காட்டியது. மதியம் சூலக்கரையில் சங்கு ஊதியது. பொத்தானை அழுத்தினேன். ஒன்பதாவது நிமிடம் வண்டிகள் மையத்தின் வாசலில் நின்றன. ஆட்கள் குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். உள்ளே எங்கள் காவலாளி சோணைமுத்து கம்ப்யூட்டர் பீரோவுக்குப் பின்னால் குத்தவைத்துப் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினோம். "நாலு பக்கமும் மருந்து ரூமு அய்யா. வெளிய பீடியப் பத்த வச்சா எம்புட்டு ஆபத்து? இந்த ஊருலயே பீடி குடிக்கப் பாதுகாப்பான எடம் இது ஒண்ணுதான்" என்று பதில் எழுதியிருந்தார். தர்க்கத்தில் பிழை இல்லாததால் கண்டனத்தோடு விட்டுவிட்டோம். இயக்குநருக்கோ தலைகால் புரியவில்லை. வலையமைப்பில் பயணித்த முதல் செய்தி வெற்றி என்று தலைமைக்கு அறிக்கை போனது. அன்று வேலிக்கு அந்தப் பக்கம் திரி வெட்டுகிறவர்கள் எல்லாம் எழுந்து நின்று வண்டிகளைப் பார்த்தார்களாம். ஒரு பீடிக்கு இரண்டு வண்டி வந்ததைச் சண்முகத்தாயும் பார்த்தார்.

பதினெட்டாவது திங்கட்கிழமை அவர் வரவில்லை. தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, சீசனின் கடைசி ஆர்டர். வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் சங்கு இரண்டாம் முறை ஊதியது.

நடந்ததைப் பிறகு அய்யாதுரை சொல்லித்தான் முழுவதும் தெரிந்துகொண்டேன். அவர் யூனிட்டில் மருந்து ரூம் ஒன்று பற்றிக்கொண்டது. நான்கு பேரில் மூன்று பேர் வெளியே குதித்துவிட்டார்கள். நான்காவது ஆள் சண்முகத்தாயின் நாத்தனார் ராமுத்தாய். இழுத்துப் போடுவதற்குள் இரண்டு காலும் வெந்துவிட்டன. காற்று வேறு, செய்து முடித்த சரக்கு இருந்த ரூம் பக்கமாக அடித்தது. அய்யாதுரை பழக்கதோஷத்தில் டீக்கடைக்கு ஓடி, போனை எடுத்துக் காதில் வைத்து, அது செத்துப் போனதென்று நினைவு வந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாராம். சண்முகத்தாய் டீக்கடைக்கு ஓடவில்லை. வெட்டவெளியைத் தாண்டி எங்கள் மையத்துக்கு ஓடினார்.

வாசலில் சோணைமுத்து மறித்தார். "பாஸ் இருக்கா?"

அவர் சோணைமுத்துவின் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் பிடுங்கிக்கொண்டார். உள்ளே நுழையும்போது, அந்த அவசரத்திலும், செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போனார் என்கிறார் சோணைமுத்து. வெறுங்கால், கையில் செல்போன் இல்லை, தகட்டையும் தொட்டாயிற்று. மையம் திறந்த நாள் முதல் எல்லா விதிகளையும் ஒழுங்காகப் பின்பற்றி உள்ளே போன ஒரே ஆள் அவர்தான். உள்ளே போய் நாற்காலி மேல் ஏறி, நான்கு பீடியைச் சேர்த்துப் பற்ற வைத்து, இருமிக்கொண்டே கூரையைப் பார்த்து ஊதினார்.

சூலக்கரையில் நான் பொத்தானை அழுத்தினேன். ஒன்பது நிமிடம். வண்டிகள் மையத்துக்கு வந்தபோது வாசலில் பீடியோடு ஒரு பெண் நின்று, "இங்கன இல்ல, அங்கன" என்று கையைக் காட்டினார். மையத்தைத் தவிர வேறெங்கும் தண்ணீர் பாய்ச்ச வண்டிக்கு அனுமதி கிடையாது. ஆனால் ஓட்டுநர் உள்ளூர்க்காரர். படிவத்தை நினைத்துப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிவிட்டார். சரக்கு ரூமுக்குத் தீ தாவுவதற்கு முன் அணைத்துவிட்டார்கள். இயக்குநருக்காக நின்ற ஆம்புலன்ஸில் ராமுத்தாய் போனார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். கால் இரண்டும் தேறிவிட்டன, விந்தி விந்தி நடக்கிறார்.

அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான். அதோடு சேர்ந்து வெட்கமும் வந்தது.

ஆணையம் கடமை தவறவில்லை. மறுவாரமே விசாரணை ஆரம்பமானது. விசாரணை அலுவலர் இயக்குநர், பதிவு செய்பவன் நான். சண்முகத்தாய் மீது நான்கு குற்றச்சாட்டுகள். வாசலில் போட்டிருந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்தார்.

"முதலாவது, அனுமதிச் சீட்டு இன்றி நுழைந்தது" என்றார் இயக்குநர்.

"ஆமா அய்யா. நுளைஞ்சேன்."

"இரண்டாவது, மையத்துக்குள் பீடி புகைத்தது."

"ஆமா. வாயெல்லாம் ரெண்டு நாளு கசந்துச்சு."

"மூன்றாவது, மையத்தில் தீ இல்லாதபோது தீ இருப்பதாகப் பொய்யான தரவை உருவாக்கி, பத்து ஜிகாபிட் பாதையில் அனுப்பியது."

"தீ இருந்துச்சு அய்யா. அடுத்த வேலிக்குள்ள."

"அது நம் எல்லைக்கு வெளியே. நான்காவது கேள்விதான் முக்கியமானது. தீயணைப்பு நிலையத்துக்கு முறைப்படி தொலைபேசியில் தகவல் சொல்லாமல், அரசு உணர்கருவியைத் தவறாகப் பயன்படுத்தியதன் காரணம் என்ன?"

சண்முகத்தாய் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க மையத்து வாசல்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கீகளே, அதைப் படிச்சேன் தம்பி. போனு நல்ல நிலையில இருக்குன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீக. கவருமெண்டு எழுத்து பொய் சொல்லாது. நல்லா இருக்கிற போன எடுத்துப் பேசாம விட்டது என் தப்புத்தான். அப்படியே எழுதிக்கிடுங்க."

இயக்குநர் திருப்தியாகத் தலையசைத்தார். "குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று பதிவு செய்யுங்கள்."

பதிவு செய்தேன். ஒரு வரி விடவில்லை. கடைசிப் பக்கத்தில் 'குற்றம் இழைத்தவர் பெயர்' என்ற கட்டத்துக்கு வந்தபோது கை தானாகவே எழுதியது: காளீஸ்வரன், இளநிலை உதவியாளர். மடித்து, மேலொப்பத்துக்கு அனுப்பி வைத்தேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தது.

மாலையில் கோப்பு திரும்பி வந்தது. என் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'சண்முகத்தாய்' என்று திருத்தி, ஓரத்தில் இயக்குநர் தம் கைப்படக் குறிப்பு எழுதியிருந்தார்: 'எழுத்தர் பிழை. இனி இதுபோன்ற தவறான தரவுகள் பதிவாகாமல் பார்த்துக்கொள்ளவும்.'